வானைத் துழாவிய தங்கை
(கரோலின் ஹெர்ஷல் அம்மையார் வரலாறு)

கார்த்திகைத் திங்களில், கதிரவன் மறைந்து இருள் பரவும் வேளையில் கீழ்வானை நோக்கினால், நெருங்கி நிற்கும் சிறியதொரு விண்மீன் கூட்டம் புலப்படும். அதுவே கார்த்திகை. பழந்தமிழர் அதனை அறுமீன் என்றும் ஆரல் என்றும் வழங்கினர். வெறுங்கண்ணுக்கு ஆறேழு மீன்களாகத் தோன்றும் அக்கூட்டத்தில் உண்மையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அவை யாவும் ஒரே முகிலிலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. நம்மிடமிருந்து சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவில் ஒன்றாகவே வானிற் செல்பவை. இத்தகைய கூட்டத்தை வானநூலார் திறந்த விண்மீன் கொத்து என்பர். இலட்சக்கணக்கான மீன்கள் உருண்டையாகத் திரண்டு நிற்கும் உருண்டைக் கொத்து வேறு. சில பத்து முதல் சில ஆயிரம் வரையிலான மீன்கள் தளர்வாகக் கூடி நிற்கும் இத்திறந்த கொத்து வேறு.

கார்த்திகையைக் காண எவருக்கும் கருவி வேண்டியதில்லை. ஆனால் பால்வீதியில் இத்தகைய கொத்துகள் ஆயிரக்கணக்கில் உள்ளன என்பதை மனித இனம் எவ்வாறு அறிந்தது? யாரோ ஒருவர் குளிரிலும் பனியிலும் விழித்திருந்து, வானைச் சிறிது சிறிதாகத் துழாவி, கண்ட ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து வைத்தமையால் அன்றோ? அவ்வாறு குறித்து வைத்த முன்னோடிகளுள் ஒருவர், பள்ளிக் கல்வி அதிகம் பெறாத ஒரு பெண்மணி. இருபத்திரண்டு வயதுவரை தம் வீட்டின் சம்பளமில்லாத பணிப்பெண்ணாகக் காலங்கழித்தவர். பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டிற்கு வந்து, வேற்று மொழி பயின்று, அங்கே தம் வாழ்வை அமைத்துக்கொண்டவர். ஊரை விட்டு வந்து வாழும் நம்மனோர் அறிந்திருக்கத்தக்கது அவர் வரலாறு.

அடுக்களைச் சிறுமி

கரோலின் ஹெர்ஷல் 1750ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள், செர்மனி நாட்டின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தையார் ஐசக் ஹெர்ஷல், படையின் இசைக்குழுவில் குழலிசைக் கலைஞர். பதின்மர் பிறந்த குடும்பத்தில் கரோலின் எட்டாவது குழந்தை. மூன்று வயதில் பெரியம்மை கண்டு முகத்தில் தழும்புகள் நிலைத்தன. பத்து வயதில் கொடிய நச்சுக் காய்ச்சல் வந்து உடல் வளர்ச்சியையே தடுத்துவிட்டது. அதன் பின்னர் அவர் நான்கடி மூன்றங்குல உயரத்துக்கு மேல் வளரவில்லை.

தந்தையார் அறிவார்வம் மிக்கவர். பனி பொழிந்த ஒரு தெளிந்த இரவில் மகளைத் தெருவிற்கு அழைத்துச் சென்று, விண்மீன் குழுக்களையும் அப்போது வானில் தோன்றியிருந்த ஒரு வால்மீனையும் காட்டினார். தாயார் இல்லாத நேரங்களில் மகளுக்குச் சிறிது வயலினும் கற்பித்தார். தாயாரின் எண்ணமோ வேறு. ஆண்மக்கள் கற்றமையாலன்றோ வீட்டை விட்டு அயல்நாடு சென்றனர், கல்வி சற்றுக் குறைந்திருந்தால் மகன் வில்லியம் வீடு திரும்பியிருப்பான் என்பது அவ்வம்மையாரின் உறுதியான நம்பிக்கை. ஆகவே மகளுக்குப் பின்னலும் தையலும் வீட்டு வேலையும் போதும் எனக் கருதினார். பிரிந்த பிள்ளையை எண்ணி ஏங்கிய ஒரு தாயுள்ளம் அது. எனினும் அதன் சுமை முழுவதும் இச்சிறுமியின் தலைமேல் இறங்கிற்று.

கரோலினுக்கு எழுதப் படிக்க மட்டும் தெரியும். போர்க்காலத்தில் தாயாருக்காகத் தந்தைக்குக் கடிதம் எழுதியதோடு, அண்டை வீட்டு ஏழைப் போர்வீரர்தம் மனைவியர்க்காகவும் அவர் கடிதம் எழுதிக் கொடுத்தார். பிறர் சொல்லத் தாம் எழுதும் பணி அவருக்கு அன்றே தொடங்கிற்று. மகள் அழகியும் அல்லள், செல்வமும் இல்லாதவள். ஆதலின் மணம் கூடுவது அரிது என்று தந்தையாரே எடுத்துரைத்திருந்தார். 1767இல் அத்தந்தையும் மறைந்தார். பெண்ணின் எதிர்காலம் அடுக்களைச் சுவர்களுக்குள் அடங்கிவிடும் என்றே தோன்றிற்று.

கடல் கடந்த பயணம்

அந்நாளில் இங்கிலாந்தை ஆண்ட மன்னரே ஹனோவருக்கும் தலைவர். ஆதலால் ஹனோவர் மக்கள் பிழைப்பு நாடி இங்கிலாந்து செல்வது புதுமையன்று. கரோலினுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தவரான தமையனார் வில்லியம் 1757இல் அவ்வாறே சென்றவர். அவர் பாத் என்னும் நகரில் தேவாலய இசைஞராகவும் இசையாசிரியராகவும் உயர்ந்தார். தங்கையின் நிலை கண்டு வருந்திய அவர், அவருக்குப் பாடக் கற்பித்துத் தம் இசை நிகழ்ச்சிகளில் துணையாகக் கொள்ள விரும்பினார். தாயார் எளிதில் இசையவில்லை. வீட்டு வேலைக்கு வேறொரு பணிப்பெண்ணை அமர்த்திக்கொள்ள ஆண்டுதோறும் பணம் தருவதாக வில்லியம் ஒப்பிய பின்னரே மகளை அனுப்ப உடன்பட்டார். ஒரு பெண்ணின் விடுதலைக்கு அன்று அவ்வளவே விலை.

1772 ஆகஸ்டுத் திங்களில் அண்ணனும் தங்கையும் புறப்பட்டனர். கூரையில்லாத அஞ்சல் வண்டியில் பல நாள் இரவும் பகலும் பயணம்; பின்னர்க் கொந்தளித்த கடலில் மரக்கலப் பயணம். அவ்வண்டியிலேயே இரவு வானின் விண்மீன் குழுக்களை அண்ணன் தங்கைக்குக் காட்டிக்கொண்டு வந்தார். இங்கிலாந்தில் அடி வைத்தபோது கரோலினுக்கு ஆங்கிலம் தெரியாது. கடைக்குச் சென்று பொருள் வாங்கவும், வரவு செலவு எழுதவும், இல்லத்தை நடத்தவும் ஒருங்கே கற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் காலைச் சிற்றுண்டி வேளையில் அண்ணனார் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். புதிய ஊரில் மொழியறியாது கடைத்தெருவில் நின்ற அனுபவம் நம் குடும்பங்களில் பலருக்கும் உண்டு. அவர் பட்ட இடர்ப்பாட்டை நமக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இசையும் ஆடியும்

கரோலின் விரைவிலேயே நல்ல பாடகியாகத் திகழ்ந்தார். ஹாண்டெல் இயற்றிய பெரும் இசைப் படைப்புகளில் முதன்மைப் பாடகியாகப் பாடினார். வேறு நகரிலிருந்து அவரைப் பாட அழைத்தபோது, தமையனார் நடத்தாத மேடையில் பாட இயலாது என்று மறுத்துவிட்டார். ஆனால் தமையனாரின் உள்ளம் இதற்குள் வேறு திசையிற் சென்றுகொண்டிருந்தது. வானநூல் கற்கத் தொடங்கிய வில்லியம், விலைக்குக் கிடைத்த தொலைநோக்கிகள் போதாமையால் தாமே ஆடி வார்த்து மெருகேற்ற முற்பட்டார். வீட்டின் அறைகள் எல்லாம் பட்டறைகளாயின.

தங்கையின் வேலை இருமடங்காயிற்று. உலோகத்தை வார்க்கும் அச்சிற்காகக் குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்தார். ஆடியை மெருகிடும்போது கையை எடுத்தால் பரப்புக் கெடும் என்பதால், சில வேளை பதினாறு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்த அண்ணனுக்கு உணவை வாயில் ஊட்டினார். சலிப்புத் தோன்றாதிருக்க அராபிய இரவுக் கதைகளையும் பிற நெடுங்கதைகளையும் படித்துக் காட்டினார்.

1781 மார்ச்சு 13ஆம் நாள் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டறிந்தார். மனித வரலாற்றில் தொலைநோக்கியால் கண்ட முதற்கோள் அது. மறு ஆண்டில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம் அளித்தார். இசைத் தொழிலை விட்டு, அரண்மனையிருந்த விண்ட்சருக்கு அருகில் டாட்செட் என்னும் சிற்றூரில் இருவரும் குடியேறினர். அண்ணனுக்கு அது கனவு நிறைவேறிய நாள். தங்கைக்கோ, பத்தாண்டு பாடுபட்டுப் பெற்ற இசைப் புகழை ஒரே நாளில் துறக்க நேர்ந்தது. அவரை எவரும் கலந்து கேட்டதாகத் தெரியவில்லை.

தாமே கண்ட கொத்துகள்

டாட்செட்டில் அண்ணன் தங்கைக்கு ஒரு சிறு தொலைநோக்கியைக் கொடுத்து, வானைத் துழாவி வால்மீன்கள், இரட்டை மீன்கள், ஒண்முகில்கள் ஆகியவற்றைத் தேடுமாறு பணித்தார். ஒண்முகில் என்பது வெண்புகை போல மங்கித் தோன்றும் ஒளித்திட்டு. 1782 ஆகஸ்டில் கரோலின் இப்பணியைத் தொடங்கினார். பனி படிந்த புல்தரையில், கூப்பிடு தூரத்தில் எவரும் இல்லாமல், தனித்து நின்று வானைப் பார்ப்பது முதலில் அவருக்கு உவப்பாயில்லை. சில திங்களில் அப்பழக்கமே விருப்பமாக மாறிற்று.

அக்காலத்தில் ஒண்முகில்களுக்கும் கொத்துகளுக்கும் சிறந்த பட்டியல் வகுத்திருந்தவர் பாரிசு நகரத்துச் சார்ல்ஸ் மெஸ்ஸியே. அவர் 1781இல் வெளியிட்ட பட்டியலில் 103 பொருள்கள் இருந்தன. வானில் காண வேண்டியவை ஏறத்தாழ அவ்வளவே என எண்ணியோரும் உண்டு. 1783 பிப்ரவரி 26ஆம் நாள் இரவில், வானிலேயே மிக ஒளிமிக்க விண்மீனாகிய சிரியஸுக்குக் கிழக்கே கரோலின் ஒரு கொத்தைக் கண்டார். மெஸ்ஸியேயின் பட்டியலைப் புரட்டினார். அங்கு அது இல்லை. இன்று என்.ஜி.சி. 2360 என வழங்கும் திறந்த கொத்து அதுவே. அவ்வாண்டிலேயே கசியோப்பியா குழுவில் மற்றொரு கொத்தையும் கண்டார். செறிந்த மீன்களும் அவற்றிடையே சுருண்டோடும் இருள் வளையங்களுமாக மலரின் இதழ்கள் போலத் தோன்றும் அதனை, இன்றும் வான்பார்வையாளர் கரோலினின் ரோசா என்று அழைக்கின்றனர். அதன் எண் 7789.

ஒரு சிறு கருவியைக் கொண்டு, ஓராண்டுக்குள் தங்கை புதியவற்றைக் கண்டதை அண்ணன் கண்டார். சிறு கருவிக்கே இத்தனை அகப்படுமாயின் பெருங்கருவிக்கு எத்தனை அகப்படும்? 1783 அக்டோபரில் வில்லியம் தம் இருபதடித் தொலைநோக்கியைக் கொண்டு வானம் முழுவதையும் முறையாகத் துழாவத் தொடங்கினார். அப்பெருமுயற்சிக்குத் தூண்டுகோலாய் அமைந்தவற்றுள் தங்கையின் கண்டுபிடிப்புகளும் ஒன்று என வரலாற்றறிஞர் கருதுகின்றனர். ஆனால் அதன் விளைவாகத் தங்கையின் சொந்தத் தேடல் குறைந்துபோயிற்று. அண்ணனுக்கு எழுத்தர் ஒருவர் தேவைப்பட்டார்.

அண்ணன் சொல்ல, தங்கை எழுத

வில்லியம் வெளியே தொலைநோக்கியருகில் மேடைமேல் நிற்பார். விளக்கொளியைப் பார்த்தால் கண்ணின் இருட்பழக்கம் கெடும்; ஆகவே தாம் கண்டதை அவர் உரக்கக் கூறுவார். கரோலின் வீட்டினுள் சன்னலருகே விளக்கு, கடிகாரம், விண்மீன் படம் ஆகியவற்றுடன் அமர்ந்து, நேரத்தையும் இடத்தையும் வருணனையையும் எழுதிக்கொள்வார். பொழுது விடிந்ததும் அவற்றைத் தெளிவாகப் படியெடுப்பார். ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் கணக்கிடுவார். மேகமற்ற இரவு ஒன்றும் வீணானதில்லை. இருபதாண்டுகள் இவ்வாறு கழிந்தன.

இதில் உயிருக்கே இடர் நேர்ந்ததும் உண்டு. 1783ஆம் ஆண்டின் இறுதி நாள் இரவு. தரையில் உருகும் பனி ஓரடி உயரம் கிடந்தது. மேகம் விலகிச் சில மீன்கள் தெரிந்ததும் அண்ணன் விரைவுபடுத்தினார். இருளில் ஓடிய கரோலின் வழுக்கி விழ, கருவியின் அடியிலிருந்த பெரிய இரும்புக் கொக்கி முழங்காலுக்கு மேலே தொடையிற் பாய்ந்தது. அவரைத் தூக்கியெடுத்தபோது சதையில் ஒரு பகுதி கொக்கியிலேயே தங்கிவிட்டது. ஒரு போர்வீரனுக்கு இத்தகைய புண் ஏற்பட்டிருந்தால் ஆறு வாரம் மருத்துவமனையில் ஓய்வு கிடைத்திருக்கும் என்று பின்னர் மருத்துவர் கூறினார். கரோலினுக்கு ஓர் ஆறுதல் இருந்தது: அவ்விரவின் எஞ்சிய பகுதி மேகமூட்டமாகவே இருந்தமையால் அண்ணனின் வேலைக்குக் குறைவு நேரவில்லை. அவ்வாறே அவர் எழுதி வைத்தார். தம் வலியைக் காட்டிலும் வேலையைப் பெரிதாக எண்ணிய அம்மனத்தை வியப்பதா, அத்தகைய மனத்தை வளர்த்த சூழலை எண்ணி வருந்துவதா என்று நமக்கு விளங்கவில்லை.

இவ்வுழைப்பின் பயனாக 1786, 1789, 1802 ஆகிய ஆண்டுகளில் மூன்று பட்டியல்கள் வெளிவந்தன. நூறாக இருந்த எண்ணிக்கை 2500 ஆக உயர்ந்தது. அவற்றுள் ஏறத்தாழ 200 பொருள்கள், செறிவு மிக்கவை, ஓரளவு செறிந்தவை, சிதறியவை என மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்ட விண்மீன் கொத்துகள். அட்டையில் இருந்த பெயர் வில்லியம் ஹெர்ஷல். எழுத்து ஒவ்வொன்றும் கரோலினின் கையெழுத்து.

வால்மீனும் ஊதியமும்

1786இல் அண்ணன் வெளிநாடு சென்றிருந்தார். இரவுகள் கரோலினுக்குச் சொந்தமாயின. ஆகஸ்டு முதல் நாள் அவர் தம் சிறு கருவியில் ஒரு புதிய வால்மீனைக் கண்டார். மறு இரவு அது இடம் பெயர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, அரச கழகச் செயலாளருக்கு உடனே மடல் விடுத்தார். அதிலிருந்து 1797 வரை எட்டு வால்மீன்கள் அவர் கண்ணிற் பட்டன. கடைசி வால்மீனைக் கண்டபோது அஞ்சலை நம்பாமல், ஒரு மணி நேரமே உறங்கிவிட்டுக் குதிரையேறி, முப்பது மைல் அளவு பயணம் செய்து, கிரீனிச்சில் இருந்த அரச வானநூலார் மாஸ்கலினிடம் தாமே நேரில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு.

1787இல் மன்னர் கரோலினுக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் ஏற்படுத்தினார். இங்கிலாந்தில் அறிவியற் பணிக்காக ஊதியம் பெற்ற முதற்பெண்மணி அவரே. தொகை சிறிது. ஆயினும் முதற்காலாண்டுக்கு வந்த பன்னிரண்டரைப் பவுனைக் கையில் வாங்கியபோது, தம் விருப்பப்படி செலவிடத்தக்க பணம் வாழ்நாளில் முதன்முறையாக அன்றுதான் தமக்குக் கிடைத்தது என அவர் எண்ணினார். அவ்வேளை அவருக்கு முப்பத்தேழு வயது.

பத்தாண்டு மௌனம்

1788 மே திங்களில், தம் நாற்பத்தொன்பதாம் வயதில் வில்லியம் மணம் புரிந்தார். பதினாறு ஆண்டு இல்லத்தின் திறவுகோலைத் தாங்கிய தங்கை, அதனை அண்ணியாரிடம் ஒப்படைத்துவிட்டு வாடகை அறைக்குப் பெயர்ந்தார். நாள்தோறும் அங்கிருந்து வேலைக்கு வந்து போனார். அடுத்த பத்தாண்டுகளில் தாம் எழுதிய நாட்குறிப்பை அவரே பின்னாளில் அழித்துவிட்டார். அதில் என்ன இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது அரிதன்று. பின்னர் அண்ணியார் மேரியிடமும், 1792இல் பிறந்த மருகர் ஜானிடமும் அவர் கொண்ட பேரன்பு வெளிப்படையானது. கோபத்தில் எழுதியவை நிலைத்து நின்று பிறரைப் புண்படுத்தலாகாது என்று கருதினார் போலும்.

அப்பத்தாண்டும் அவர் உழைப்பு நிற்கவில்லை. அக்கால வானநூலார் அனைவரும் நம்பியிருந்த பிளாம்ஸ்டீடின் விண்மீன் பட்டியலில் பிழைகள் மலிந்திருந்தன. கரோலின் அதனை மூலக் குறிப்புகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பிழை திருத்தினார்; பட்டியலில் விடுபட்ட 560 மீன்களையும் சேர்த்தார். 1798இல் அரச கழகம் அந்நூலை வெளியிட்டது. இம்முறை அட்டையில் அவர் பெயரே இருந்தது.

ஊர் திரும்பியபோது

1822 ஆகஸ்டு 25ஆம் நாள் வில்லியம் மறைந்தார். அண்ணன் இல்லாத இங்கிலாந்தில் தமக்கு வேலையில்லை எனத் துயரத்தில் முடிவு செய்த கரோலின், இரண்டே திங்களில் ஹனோவருக்குத் திரும்பினார். சரியாக ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருக்கு வயது எழுபத்திரண்டு. நினைவில் இருந்த ஊர் அங்கு இல்லை. அறிந்த முகங்கள் மிகச் சில. வானைப் பற்றிப் பேசுவாரும் அரியர். எதிர் வீடுகளின் உயர்ந்த கூரைகள் வானையே மறைத்தன. விரைந்து முடிவு செய்ததற்காக அவர் பின்னர் மிகவும் வருந்தினார். ஓய்வு பெற்றபின் ஊருக்கே போய்விடலாம் என்று நம் வீடுகளில் நிகழும் பேச்சை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

கருவியைப் பயன்படுத்த வழியில்லை. ஆனால் கையெழுத்துப் படிகள் இருந்தன. இங்கிலாந்தில் மருகர் ஜான், தந்தையார் கண்ட ஒண்முகில்களையும் கொத்துகளையும் மீண்டும் ஆராய விரும்பினார். தந்தையின் பட்டியல்கள் வகுப்பு வாரியாகவும் கண்ட நாள் வரிசையிலும் இருந்தமையால், தொலைநோக்கியின் முன் நிற்பவருக்கு அவை உதவா. இன்றிரவு வானின் இப்பட்டையில் எவை எவை வரும் என்று தெரிதல் வேண்டும். கரோலின் அந்த 2500 பொருள்களையும் வானப் பட்டை வாரியாக, வடதுருவத்திலிருந்து அவற்றின் தொலைவுப்படி, புதிதாக வகுத்தெழுதி, 1825இல் முடித்து மருகருக்கு அனுப்பினார். தம் எழுபத்தைந்தாம் வயதில் அவர் செய்த இப்பணியே அவர்தம் பணிகளுள் தலையாயது எனலாம்.

இதற்காக 1828இல் இலண்டன் வானநூற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. அதன்பின் அப்பதக்கம் மற்றொரு பெண்மணிக்குக் கிடைக்க 1996 வரை, 168 ஆண்டுகள் ஆயின. 1835இல் அக்கழகம் அவரைச் சிறப்பு உறுப்பினராக ஏற்றது. ஜான் அப்பட்டியலை வழிகாட்டியாகக் கொண்டு வடவானை ஆராய்ந்து முடித்து, 1834இல் தென்னாப்பிரிக்கா சென்று தென்வானையும் துழாவினார். விருச்சிகத்தின் உடற்பகுதியில் மீன்களே இல்லாத ஓரிடத்தை அண்ணன் ஒருகால் கண்டு வியந்ததை நினைவிற்கொண்டு, அங்கு நன்றாகப் பார்க்குமாறு முதிய அத்தையார் மருகருக்கு எழுதினார். தென்வான ஆராய்ச்சி நூல் 1847இல் அச்சாகி அத்தையாரின் கையை அடைந்தது. 1848 சனவரி 9ஆம் நாள், தொண்ணூற்றேழாம் வயதில் கரோலின் அம்மையார் காலமானார். அண்ணனின் தலைமயிர்க் கற்றை ஒன்றும், தந்தையார் பயன்படுத்திய பழைய பஞ்சாங்கம் ஒன்றும் அவருடன் அடக்கம் செய்யப்பெற்றன.

பட்டியலின் பயன்

ஜான் ஹெர்ஷல் 1864இல் எல்லாவற்றையும் தொகுத்துப் பொதுப் பட்டியல் வெளியிட்டார். அதனை விரித்து 1888இல் டிரையர் என்னும் அறிஞர் 7840 பொருள்கள் கொண்ட புதிய பொதுப் பட்டியலை வகுத்தார். அதன் எண்களையே இன்றும் உலகெங்கும் வானநூலார் வழங்குகின்றனர். கரோலினின் சன்னலோரக் குறிப்புகள் இவ்வாறு நம் காலம்வரை வந்து சேர்ந்தன.

அப்பட்டியலில் உள்ள கொத்துகளால் விளைந்த அறிவு பெரிது. ஒரு கொத்தின் மீன்கள் யாவும் ஒரே காலத்தில் பிறந்தவை. நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளவை. ஆகவே அவற்றிடையே ஒளியிலும் நிறத்திலும் தோன்றும் வேற்றுமை, அவற்றின் பருமன் வேற்றுமையால் விளைந்ததே. பெருமீன்கள் நீலமாக எரிந்து விரைவில் எரிபொருள் தீர்ந்து செந்நிறப் பெருமீன்களாக மாறும். சிறுமீன்கள் சிக்கனமாக நெடுங்காலம் எரியும். எந்த அளவு மீன்கள் வரை மாறிவிட்டன என்று பார்த்தால் கொத்தின் வயது விளங்கிவிடும். இம்முறைப்படி, நீல மீன்கள் நிறைந்த நம் கார்த்திகைக்கு வயது பத்துக் கோடி ஆண்டுக்குச் சற்று மேல். செம்மீன்கள் மலிந்த கரோலினின் ரோசாவோ நூறு கோடி ஆண்டைக் கடந்த முதுகொத்து.

தளர்ந்த கொத்துகள் காலப்போக்கில் ஒன்றையொன்று ஈர்த்து நெருங்கும், செறிவு மிகுந்தது முதுமை மிகுந்தது என வில்லியம் கருதினார். திறந்த கொத்துகளைப் பொறுத்தவரை உண்மை மாறாக அமைந்தது. பால்வீதியின் ஈர்ப்பு அவற்றை இழுத்து இழுத்துத் தளர்த்துகிறது. உடன் பிறந்த மீன்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து செல்கின்றன. பெரும்பாலான கொத்துகள் சில பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் கலைந்துவிடுகின்றன. நம் கதிரவனும் அவ்வாறு உடன்பிறந்தாரைப் பிரிந்து வந்ததே எனக் கருதப்படுகிறது. வில்லியமின் கொள்கை மாறியது. குறித்து வைத்த இடங்கள் மாறவில்லை.

விருச்சிகத்தின் வெற்றிடம் பற்றிய அம்மையாரின் வினாவிற்கும் பின்னாளில் விடை கிடைத்தது. அது மீன்களற்ற ஓட்டையன்று; பின்னுள்ள மீன்களை மறைக்கும் தூசு முகில். இத்தகைய தூசு பால்வீதித் தளமெங்கும் பரவி ஒளியை மங்கச் செய்கிறது என்பதை 1930இல் டிரம்ப்ளர் என்னும் அறிஞர் நிறுவினார். அவர் அதற்குச் சான்றாகக் கொண்டவை நூறு திறந்த கொத்துகள். ஒளியைக் கொண்டு தொலைவை அளந்தால், தொலைவிலுள்ள கொத்துகள் அருகிலுள்ளவற்றைவிடப் பருத்தவையாகத் தோன்றின. இயற்கை அவ்வாறு நம்மை நடுவில் வைத்துக் கொத்துகளைப் படைத்திராது; இடையிலுள்ள தூசே அவற்றின் ஒளியைக் குறைத்து, தொலைவை மிகுத்துக் காட்டுகிறது என அவர் தெளிந்தார்.

தம்மை அண்ணனின் கருவி என்று கூறிக்கொள்வதே கரோலின் அம்மையாரின் வழக்கம். அதனை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கண்டவர் பெயரோடு, எழுதியவர் பெயரையும் ஒழுங்கு செய்தவர் பெயரையும் சேர்த்தே எண்ணுதல் முறை. நம் வீடுகளிலும் ஒருவர் புகழ்பெற மற்றொருவர் கணக்கெழுதி, உணவூட்டி, விழித்திருக்கிறார். அவர் பெரும்பாலும் ஒரு தங்கையாகவோ தாயாகவோ மனைவியாகவோ இருக்கிறார். அவருக்கும் ஒரு சிறு தொலைநோக்கி கிடைத்தால் என்ன காண்பார் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இவ்வாண்டுக் கார்த்திகையில் விளக்கேற்றி முடித்தபின், நம் காலனிக் குழந்தைகளை, பெண்மக்களைச் சிறப்பாக, மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்வோம். தெருவிளக்குகளின் ஒளியையும் மீறி அறுமீன் கீழ்வானில் தெரியும். எத்தனை மீன் தெரிகின்றன என்று அவர்களையே எண்ணச் செய்து, எண்ணியதைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்வோம். ஐசக் ஹெர்ஷல் தம் மகளுக்குக் காட்டியதும் இவ்வாறு ஒரு தெருவோரத்து வானத்தைத்தான்.